ஒன்பதாவது நிமிடம்

மான்செஸ்டர் யுனைடெட்டின் பழைய கால்பந்து வீரர் பாபி சார்ல்ட்டன் இறந்த மூன்றாம் நாள், 2023 அக்டோபர் 24 அன்று, ஓல்ட் டிராஃபோர்டில் மான்செஸ்டர் யுனைடெட் கோபன்ஹேகன் அணியோடு ஆடியது. பேக்பைப் வாசித்தபடி ஒருவர் தனியாக முன்னே நடந்து வர, இரண்டு அணிகளும் அவருக்குப் பின்னால் வந்தன. மலர்வளையம் வைத்தார்கள். அப்புறம் ஒரு நிமிடம் அந்த மைதானம் மூச்சு விடுவதே தெரியவில்லை. ஆட்டம் சுமாராகத்தான் போனது. 72ஆவது நிமிடத்தில் எரிக்சன் தூக்கிப் போட்ட பந்தை ஹாரி மகுவயர் எழும்பித் தலையால் முட்டி உள்ளே தள்ளினார். முடியும் நேரத்தில் எதிரணிக்குக் கிடைத்த பெனால்டியை ஓனானா பாய்ந்து தடுத்தார். 1-0. சார்ல்ட்டனுக்கு இதைவிட நல்ல வழியனுப்புதல் அமையாது என்று அன்றிரவு பலரும் சொன்னார்கள். தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்த எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அழுகை வந்தது, கோல் விழுந்தபோது சந்தோஷமும் வந்தது, இரண்டும் ஒன்றாகவே இருந்தன. ஆனால் மறுநாள் அந்தக் கோலைத் திரும்பப் பார்த்தபோது ஏதோ ஒன்று உறுத்தத் தொடங்கியது. பந்து நெற்றியில் படும் இடத்தில் படத்தை நிறுத்திப் பார்த்தேன். அந்த உறுத்தல் இன்றுவரை போகவில்லை.

சார்ல்ட்டன் டிமென்ஷியா என்ற மறதிநோயோடு இருந்தவர். 2020 நவம்பரில் அது வெளியே தெரிந்தது. அதற்குச் சில நாள் முன்புதான் நாபி ஸ்டைல்ஸ் இறந்திருந்தார், அவருக்கும் டிமென்ஷியா. அதே ஆண்டு ஜூலையில் அண்ணன் ஜாக் சார்ல்ட்டன் போனார், அவருக்கும் அதே. 2019 டிசம்பரில் மார்ட்டின் பீட்டர்ஸ், 2018 மே மாதம் ரே வில்சன், இருவருக்கும் அதேதான். 1966 உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் இங்கிலாந்துக்காக இறங்கிய பதினொரு பேரில் ஐந்து பேர். ஒவ்வொருவர் போனபோதும் கைதட்டினார்கள், கறுப்புப் பட்டை கட்டினார்கள், பழைய படங்களைப் போட்டார்கள். அந்தப் படங்களில் எல்லோரும் இளம் வயதில், தலை நிமிர்த்தி, கோப்பையோடு நின்றார்கள். கடைசிப் பத்து வருடம் அவர்கள் எப்படி இருந்தார்கள் என்பது செய்தியின் கடைசி வரியில் வந்துபோனது. ஒரு தனி மனிதரின் நோய்க்குப் பந்தைத் தலையால் முட்டியதுதான் காரணம் என்று வெளியிலிருந்து யாராலும் சொல்லிவிட முடியாது, சார்ல்ட்டனைப் பற்றியும் நான் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் டிமென்ஷியாவோடு இறந்த ஒரு வீரருக்கு அஞ்சலி செலுத்திய இரவில், தலையால் முட்டிய ஒரு கோலை அந்த அஞ்சலியின் உச்சமாக நாம் கொண்டாடினோம். அதை எனக்குள் எந்த இடத்தில் வைப்பது என்று தெரியாமல் இருந்தபோதுதான், அறுபதுகளில் வெஸ்ட் ப்ராம்விச்சில் ஆடிய ஜெஃப் ஆஸ்டிலின் கதைக்குப் போனேன். மேலோட்டமாக முன்பே தெரிந்த கதைதான். இந்த முறை அந்த ஊர் ரசிகர்கள் அவருக்காக எப்படித் துக்கம் கொண்டாடினார்கள் என்பதற்காகப் படித்தேன்.

ஹாவ்தார்ன்ஸின் ராஜா

ஆஸ்டில் 1964இல் வெஸ்ட் ப்ராம்விச் ஆல்பியனுக்கு வந்தவர். ஹாவ்தார்ன்ஸ் அந்தக் கிளப்பின் மைதானம். பத்து ஆண்டுகள் அங்கே ஆடினார், 361 ஆட்டங்களில் 174 கோல். ஒன்பதாம் எண் சட்டை, சென்டர் ஃபார்வர்டு. பழைய கறுப்பு வெள்ளைப் படங்களில் அவர் எழும்புவதைப் பார்க்க வேண்டும். கூட எழும்பிய தடுப்பு வீரர் இறங்கத் தொடங்கிவிடுவார், ஆஸ்டில் இன்னும் மேலேயே இருப்பார். கழுத்தைப் பின்னால் இழுத்து, முழு உடம்பின் விசையையும் நெற்றிக்குக் கொண்டுவந்து அடிப்பார். அந்தக் காலத்தில் இங்கிலாந்தில் தலையால் அடிப்பதில் அவருக்கு நிகரானவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். 1968 எஃப்.ஏ. கோப்பையில் எல்லாச் சுற்றிலும் கோல் போட்டார். மே 18 அன்று வெம்ப்ளியில் எவர்ட்டனோடு இறுதிப் போட்டி, கூடுதல் நேரத்தின் மூன்றாவது நிமிடம். வலது காலால் அடித்த பந்து தடுப்பு வீரர் மேல் பட்டுத் திரும்பி வந்தது. அதை அப்படியே இடது காலால் மூலைக்கு அனுப்பினார். அந்த ஒரே கோலில் கோப்பை ஆல்பியனுக்கு.

பதினோரு நாள் கழித்து அதே வெம்ப்ளியில் ஐரோப்பியக் கோப்பை இறுதிப் போட்டி நடந்தது. பென்ஃபிகாவுக்கு எதிராக யுனைடெட்டின் முதல் கோலைப் போட்டவர் பாபி சார்ல்ட்டன், தலையால். காலால் இடியாக அடிப்பதற்குப் பேர்போனவர் அன்று தலையால் தொட்டார். தலைக்குப் பேர்போன ஆஸ்டில் தன் வாழ்நாளின் மிகப்பெரிய கோலைக் காலால் அடித்தார். இந்தப் பொருத்தத்தை யாராவது முன்பே எழுதியிருக்கலாம், எனக்கு அது கண்ணில் பட்ட நாளிலிருந்து மனசை விட்டுப் போகவில்லை. ஏனென்றால் ரசிகர்கள் நினைவில் வைத்திருந்த கோல் ஆஸ்டிலை ஒன்றும் செய்யவில்லை. யார் நினைவிலும் இல்லாத ஆயிரக்கணக்கான பந்துகள், பயிற்சி மைதானத்தில் காலை நேரங்களில் ஓரத்திலிருந்து ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருந்தவைதான் அவரை அழித்தன.

அந்தக் காலத்துத் தோல் பந்தைப் பற்றி ஒரு வார்த்தை. காய்ந்திருக்கும்போது அதன் எடையும் இன்றைய பந்தின் எடையும் ஏறக்குறைய ஒன்றுதான், 410லிருந்து 450 கிராம். ஆனால் மழையிலும் சேற்றிலும் தோல் தண்ணீரைக் குடித்துக் கனத்துவிடும். அதை முட்டுவது செங்கல் மூட்டையை முட்டுவது போல என்று ஆஸ்டிலே சொன்னதுண்டு. இன்றைய பந்து தண்ணீர் குடிக்காது, சரி. ஆனால் முன்னைவிட வேகமாக வருகிறது. பழைய பந்துதான் பிரச்சினை, இப்போது எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்பவர்களைக் கேட்கும்போது எனக்குக் கோபம் வருவது இதனால்தான்.

ஆட்டத்தை விட்ட பிறகு ஆஸ்டில் ஜன்னல் துடைக்கும் தொழில் நடத்தினார். தொண்ணூறுகளில் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியின் முடிவில் வந்து பாடுவார், அவரை ஆடிப் பார்க்காத ஒரு தலைமுறை அதன் வழியாக அவரை நேசிக்கத் தொடங்கியது. பர்மிங்ஹாமுக்கு மேற்கே நெதர்ட்டனில் கால்வாய்க்கு மேலே ஒரு பாலம் இருக்கிறது. அதன் சுவரில் யாரோ ஒரு ரசிகர் ஆஸ்டில்தான் ராஜா என்று எழுதிவைத்தார். அழிக்க அழிக்கத் திரும்ப எழுதினார்கள். இப்போது அந்தப் பாலத்தை ஊர்க்காரர்கள் அவர் பெயராலேயே சொல்கிறார்கள். சிலை வைப்பதை யார் வேண்டுமானாலும் முடிவு செய்யலாம். அழித்த எழுத்தைத் தலைமுறை தாண்டியும் பிரஷ்ஷோடு போய்த் திரும்ப எழுதுவதை எந்த நிர்வாகமும் ஏற்பாடு செய்ய முடியாது.

ஐம்பத்தைந்து வயது வாக்கிலேயே ஆஸ்டிலின் நினைவு கலையத் தொடங்கிவிட்டது. 2002 ஜனவரி 19 அன்று, மகளின் வீட்டில், குடும்பத்தார் கண்முன்னே மூச்சுத் திணறி இறந்தார். வயது 59. மறுநாள் ஹாவ்தார்ன்ஸில் வால்சாலோடு ஆட்டம் இருந்தது. ஜேசன் ராபர்ட்ஸ் கோல் போட்டுவிட்டுச் சட்டையைத் தூக்கினார், உள்ளே ஆஸ்டிலுக்கான டி-ஷர்ட். அதுவும் 1-0. அந்தப் பருவத்தில் ஆல்பியன் பிரீமியர் லீக்குக்கு உயர்ந்தது. இதோடு முடிந்திருந்தால், நல்லபடியாக வழியனுப்பி வைக்கப்பட்ட இன்னொரு பழைய வீரர் என்ற கணக்கில் அவரும் சேர்ந்திருப்பார்.

கூட்டம் வந்த நாள்

கால்பந்து ரசிகர்களுக்கு மரணத்தைக் கொண்டாடத் தெரியும். இதைக் குறையாகச் சொல்லவில்லை, அந்தக் கூட்டத்தில் நானும் ஒருவன். பெல்ஃபாஸ்ட்டில் பிறந்த கால்பந்து வீரர் ஜார்ஜ் பெஸ்ட் 2005 நவம்பர் 25 அன்று இறந்தார். சில நாள் கழித்து பெல்ஃபாஸ்ட் தெருக்களில் மழையில் நின்ற கூட்டத்தில் இரண்டு மதப் பிரிவினரும் இருந்தார்கள், அந்த ஊரில் அது சாதாரண விஷயமில்லை. மௌனத்துக்குப் பதிலாக ஒரு நிமிடம் கைதட்டும் வழக்கம் இங்கிலாந்து மைதானங்களில் பரவியதும் அவர் மரணத்தை ஒட்டித்தான். மௌனத்தை எதிரணி ரசிகர் ஒருவர் கத்திக் கெடுத்துவிட முடியும், கைதட்டலை அப்படிக் கெடுக்க முடியாது. அதோடு, வாழ்நாளெல்லாம் சத்தத்துக்கு நடுவில் ஆடியவருக்குச் சத்தத்தோடு விடைகொடுப்பது சரியாகவும் இருக்கிறது. 2023 ஜனவரியில் சான்டோஸ் மைதானத்தின் நடுவட்டத்தில் வைக்கப்பட்டிருந்த பெலேயின் உடலைப் பார்க்க இரண்டு லட்சத்து முப்பதாயிரம் பேருக்கு மேல் வந்தார்கள்.

கரிஞ்சாவின் கதைதான் என்னை எப்போதும் கலங்க வைப்பது. 1962 உலகக் கோப்பையைக் கிட்டத்தட்டத் தனி ஆளாக பிரேசிலுக்கு வாங்கித் தந்தவர் என்று சொல்வார்கள். அவரும் பெலேயும் சேர்ந்து இறங்கிய எந்த ஆட்டத்திலும் பிரேசில் தோற்றதில்லை. 1983 ஜனவரியில், 49 வயதில், குடியால் சிதைந்து, வறுமையில் இறந்தார். உடலை ரியோவின் மரக்கானா மைதானத்தில் வைத்தார்கள். பிறந்த ஊரான பாவ் கிராண்டிக்குக் கொண்டுபோனபோது வழிநெடுக ஜனம். மக்களின் ஆனந்தம் என்று கல்லறையில் எழுதினார்கள். அவ்வளவு பேரின் கண்ணீரும் உண்மையான கண்ணீர், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த ஜனத்தில் நூறில் ஒரு பங்காவது அதற்கு முந்தைய பத்து வருடத்தில் அவர் வீட்டுக் கதவைத் தட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்காமல் அந்தப் படங்களைப் பார்க்க முடிவதில்லை.

நாம் நேசிப்பது மைதானத்தில் ஓடும் ஓர் இளைஞனை. ஆட்டத்தை விட்டு அவர் வெளியேறும்போது நம் பார்வையில் அவர் வயதாவது நின்றுவிடுகிறது. அதன் பிறகு அவர் முப்பது நாற்பது வருடம் வாழ்கிறார். முட்டி வலிக்கிறது, கடன் வாங்குகிறார், பேரன் பெயரை மறக்கிறார். அது எதுவும் நமக்குத் தெரிவதில்லை. சாவுச் செய்தி வந்ததும் நமக்குள் இருந்த அந்த இளைஞனுக்காக அழுகிறோம். அது பொய்யான துக்கம் இல்லை. ஆனால் செத்துப்போன அந்த முதியவருக்கு அதில் பங்கு குறைவு.

தீர்ப்புக்கு அப்புறம்

ஆஸ்டில் விஷயத்தில் இந்த வழக்கமான பாதை உடைந்தது. 2002 நவம்பரில், இறப்புக் காரணத்தை ஆராய்ந்த விசாரணை அதிகாரி தன் முடிவைச் சொன்னார்: தொழிலால் வந்த நோய். சுரங்கத் தொழிலாளியின் நுரையீரலில் நிலக்கரித் தூசி படிந்து கொல்வதைச் சொல்லும் அதே வகைத் தீர்ப்பு. திரும்பத் திரும்பப் பந்தைத் தலையால் முட்டியதில் மூளை சேதமடைந்து இறந்தார் என்று அரசுக் காகிதத்தில் பதிவானது. அவரை அதற்காகத்தான் கிளப் வேலைக்கு எடுத்தது. அதற்காகத்தான் கேலரியில் இருந்தவர்கள் அவர் பெயரைச் சொல்லிப் பாடினார்கள். கார்னர் கிடைக்கும்போதெல்லாம் எழுந்து நின்று அவர் தலையை நோக்கிப் பந்தைப் போடச் சொல்லிக் கத்தினார்கள். அந்தக் கேலரியில் இருந்த ஒருவர் இந்தத் தீர்ப்பைச் செய்தித்தாளில் படித்த காலையை நான் நினைத்துப் பார்க்கிறேன். தான் கேட்டு வாங்கியது என்ன என்று அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்திருக்கும்.

ஆய்வு நடத்துவதாக இங்கிலாந்து கால்பந்துச் சங்கமும் வீரர்கள் சங்கமும் வாக்குக் கொடுத்தன. பத்து ஆண்டுக்கு மேல் போயும் அந்த ஆய்விலிருந்து ஒரு பதிலும் குடும்பத்துக்கு வந்துசேரவில்லை. மனைவி லொரெய்னும் மகள் டானும் விடவில்லை. ஆஸ்டிலின் மூளை பாதுகாக்கப்பட்டிருந்தது. 2014இல் கிளாஸ்கோவைச் சேர்ந்த நரம்பு நோயியல் மருத்துவர் வில்லி ஸ்டூவர்ட் அதை மறுபடி ஆராய்ந்தார். அல்சைமர் என்று நினைத்திருந்தது சி.டி.இ. என்று தெரிந்தது. குத்துச்சண்டை வீரர்களுக்கு வருவதாக நெடுங்காலம் பேசப்பட்ட, தலையில் அடி மேல் அடி பட்டு வரும் மூளைச் சிதைவு. யாருடையது என்று சொல்லாமல் கொடுத்திருந்தால் தொண்ணூறை நெருங்கிய ஒருவரின் மூளை என்று நினைத்திருப்பேன் என்று மருத்துவர் தன்னிடம் கூறியதாக டான் பின்னர் சொன்னார். இன்னொன்றையும் அவர் பல முறை பேசியிருக்கிறார்: கடைசி நாட்களில், தான் ஒரு கால்பந்து வீரராக இருந்ததே அப்பாவுக்குத் தெரியாது. வெம்ப்ளியும் தெரியாது, கோப்பையும் தெரியாது. ஊர் முழுக்க நினைவில் வைத்திருந்த அந்தக் கோல் அவருக்கு மட்டும் இல்லாமல் போயிற்று.

அந்த 2014இல்தான் ஆல்பியன் ரசிகர்கள் ஒன்று செய்தார்கள். என் உறுத்தலுக்கு ஏதாவது பதில் உண்டென்றால் அது இதில்தான் இருக்கிறது. ஒவ்வொரு ஆட்டத்திலும் ஒன்பதாவது நிமிடம் வந்ததும் எழுந்து நின்று, அந்த நிமிடம் முடியும் வரை கைதட்டினார்கள். ஆஸ்டிலின் சட்டை எண் ஒன்பது. ஜெஃபுக்கு நீதி வேண்டும் என்று பேனர் பிடித்தார்கள். அவர் இறந்து பன்னிரண்டு வருடம் ஆகியிருந்தது. வழக்கமான அஞ்சலி ஆட்டம் தொடங்கும் முன்பே முடிந்துவிடும். நடுவர் விசில் ஊதுவார், எல்லோரும் உட்கார்ந்துகொள்வார்கள். இது ஆட்டத்துக்கு நடுவில் வந்தது. கோல் விழும் நேரமாக இருக்கலாம், எதிரணிக்குக் கார்னர் கிடைத்த நேரமாக இருக்கலாம். கடிகாரத்தில் எட்டு நிமிடம் முடிந்ததும் ஒருவர் தட்டத் தொடங்குவார், பக்கத்து வரிசைக்குப் பரவும், அப்புறம் கேலரி முழுக்க. அப்பா சொல்லித்தான் ஆஸ்டில் என்ற பெயரையே அறிந்த சின்னப் பையன்களும் தட்டினார்கள். அந்தக் கைதட்டல் போய்விட்டவருக்கு விடைகொடுத்தது, அதே நேரத்தில் பதில் சொல்ல வேண்டியவர்களிடம் கேள்வியும் கேட்டது. பதில் வரும்வரை இதை நிறுத்த மாட்டோம் என்று சொல்லும் அஞ்சலியை நான் அதற்கு முன் கேள்விப்பட்டதில்லை.

2015 ஏப்ரல் 11 அன்று லெஸ்டரோடு ஆடியபோது, 1968 இறுதிப் போட்டியில் அணிந்தது போன்ற உடையில் ஆல்பியன் இறங்கியது. ஜெஃப் ஆஸ்டில் அறக்கட்டளை அன்றுதான் தொடங்கப்பட்டது. ஆட்டத்தில் 2-3 என்று கடைசி நிமிடத்தில் தோற்றார்கள்.

தலையால் ஒரு கோல்

2019 அக்டோபரில் ஸ்டூவர்ட் குழுவின் ஆய்வு வெளிவந்தது. இங்கிலாந்து கால்பந்துச் சங்கமும் வீரர்கள் சங்கமும் பணம் கொடுத்து நடத்தியது. ஸ்காட்லாந்தில் தொழில்முறையாக ஆடிய 7,676 பழைய வீரர்களின் மரணப் பதிவுகளைப் பொதுமக்களின் பதிவுகளோடு ஒப்பிட்டார்கள். மூளைச் சிதைவு நோய்களால் இறக்கும் வாய்ப்பு வீரர்களுக்கு மூன்றரை மடங்கு. இதய நோயாலும் நுரையீரல் புற்றுநோயாலும் அவர்கள் குறைவாகவே இறந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும், ஓடி ஆடிய உடம்பு அவ்வளவு நல்லது செய்திருக்கிறது. 2021இல் அதே குழு எந்த இடத்தில் ஆடினார்கள் என்று பிரித்துப் பார்த்தது. அதிக ஆபத்து தடுப்பாட்டக்காரர்களுக்கு. கோல்கீப்பர்களின் நிலை பொதுமக்களின் நிலையிலிருந்து பெரிதாக வேறுபடவில்லை. பந்தை அதிகம் முட்டுபவர் யார், முட்டவே தேவையில்லாதவர் யார் என்று ஆட்டம் தெரிந்த எவருக்கும் விளக்க வேண்டியதில்லை.

2020இல் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வடக்கு அயர்லாந்தில் சிறுவர் பயிற்சியில் தலையால் முட்டுவதை நிறுத்தச் சொன்னார்கள். 2021இலிருந்து இங்கிலாந்தில் பெரியவர்களின் பயிற்சியில் வேகமாக வரும் பந்தை வாரத்துக்குப் பத்து முறைக்கு மேல் முட்ட வேண்டாம் என்று வழிகாட்டுதல் வந்தது. ஆட்டத்தின் அழகே போய்விடும் என்று அப்போது புலம்பியவர்களில் பலர் எனக்கு நண்பர்கள். அவர்களுடைய வருத்தம் எனக்குப் புரிகிறது. ஓரத்திலிருந்து வளைந்து வரும் பந்துக்கும், நேரம் பார்த்து எழும்பும் ஒரு மனிதனுக்கும் நடுவில் இருக்கும் அந்த அரை விநாடியைப் போல் வேறு எந்த விளையாட்டிலும் எனக்கு ஒன்று கிடைத்ததில்லை. பெரியவர்களின் ஆட்டத்திலிருந்து அதை எடுத்துவிட வேண்டும் என்று என்னால் மனதாரச் சொல்ல முடியவில்லை. ஆனால் பயிற்சியில் வரும் நூறு பந்துகள் எனக்குத் தேவையில்லை. எட்டு வயதுப் பிள்ளையின் தலை எனக்குத் தேவையில்லை. ஆட்டத்தில் விழும் அந்த ஒரு கோலை முழு மனதோடு கொண்டாட வேண்டுமானால், அதைப் போடுபவருக்கு எழுபது வயதில் என்ன ஆகும் என்பதும் என் கவலையாக இருக்க வேண்டும். இதுதான் நான் வந்து நிற்கும் இடம். இதற்கு மேல் தெளிவாக என்னால் யோசிக்க முடியவில்லை.

2023 செப்டம்பரில் பிரீமியர் லீக்கும் வீரர்கள் சங்கமும் சேர்ந்து, மறதிநோய் வந்த பழைய வீரர்களின் குடும்பங்களுக்காக ஒரு நிதியைத் தொடங்கின. தொடக்கத் தொகை பத்து லட்சம் பவுண்டு. ஒரு தடுப்பாட்டக்காரரை வாங்க எட்டுக் கோடி பவுண்டு கொடுத்த லீக் இது. ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் ஆடியவர்கள் பெரும்பாலும் போய்விட்டார்கள். இப்போது எழுபதுகளில் ஆடியவர்களின் வீடுகளில் இது நடந்துகொண்டிருக்கிறது. கணவருக்கு மூன்று வேளையும் ஊட்டிவிடும் மனைவிகள், அப்பாவை முதியோர் இல்லத்தில் விடுவதற்காக வீட்டை விற்கும் பிள்ளைகள். அந்தந்த ஊர் ரசிகர்களுக்கு இவர்களுடைய பெயர் மனப்பாடம், போட்ட கோல்கள் மனப்பாடம். ஒவ்வொரு கிளப்பிலும் இப்படி இருக்கும் பழைய வீரர்கள் யார் யார், அவர்களுடைய பராமரிப்புக்குக் கிளப் என்ன கொடுக்கிறது என்று ரசிகர் மன்றங்கள் ஆண்டுதோறும் கேட்க வேண்டும், கூட்டத்தில் எழுந்து நின்று, பதில் வரும்வரை. பதில் வராத கிளப்பின் மைதானத்தில், அந்த வீரர் உயிரோடு இருக்கும்போதே, அவருடைய சட்டை எண்ணுக்குரிய நிமிடத்தில் கைதட்டத் தொடங்கலாம்.